அபிலியோவை அழைத்து வந்த இரவு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்தக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை, நீயும் வந்துவிடு. இன்றைக்கு நான் ஒன்று சொல்லப்போகிறேன். கதை என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, இது நடந்தது. அவர் சொன்னார் இவர் சொன்னார் என்று கேட்டு வந்தது இல்லை. அந்தக் கல்லை இந்தத் தோள்தான் சுமந்தது. அந்த இரவு அந்த வீட்டுக்குள் நான் இருந்தேன். பயமாக இருந்தால் என் துணி ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

என் தம்பி பெயர் அபிலியோ.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், எங்கள் தீமோர் தனிநாடாக வேண்டும் என்று ஓட்டுப் போட்டோம். அதற்குக் கூலி கொடுக்க, இந்தோனேசியப் பட்டாளம் துப்பாக்கி கொடுத்து வளர்த்த மிலீசியாக்காரர்கள் லாரியில் வந்தார்கள். பாதிப் பேர் எங்கள் வட்டாரத்து ஆட்கள்தான். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். முகத்தை மூடலாம், நடையை எப்படி மூடுவது? எங்கள் ராய்மெயன் ஊரில் கைக்குக் கிடைத்த ஆண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு லாரி ஆற்றுப் பக்கம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம். விட்டுவிட்டுக் கேட்டது.

மறுநாள் பெண்கள் மட்டும் போய்ப் பார்த்தோம். மணலில் ரத்தம் இருந்தது. ஆள் இல்லை. ஆறு இழுத்துப் போனதா, அவர்கள் எடுத்துப் போனார்களா, தெரியாது. அபிலியோவின் செருப்பு ஒன்று கிடந்தது. வார் அறுந்த இடத்தில் கம்பி வைத்துத் தைத்த செருப்பு. அந்தக் கம்பியைத் தைத்தவள் நான்.

அந்த ஆற்றங்கரைக்கு அது புதிது இல்லை. என் தாத்தா காலத்தில், தலைவரி கட்டமாட்டோம் என்று எழுந்தவர்களைப் போர்த்துகீசியர்கள் அங்கேதான் வரிசையாக நிறுத்தினார்கள். சப்பான்காரன் வந்தான். ஒளிந்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சோறு போட்டார்கள் என்று ஒரு கூட்டத்தையே, பிள்ளை குட்டியோடு, அதே மணலுக்குக் கொண்டுபோனான். இந்தோனேசியப் பட்டாளம் இறங்கிய புதிதில் இன்னொரு தடவை. அந்த இடத்துக்கு எங்கள் ஊரில் பெயரே வைக்கவில்லை. "அங்க" என்போம். எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அபிலியோ போனபோது அவன் மகள் ஜெனோவேவா கைக்குழந்தை. ஜெனி என்று கூப்பிடுவோம். அப்பன் முகம் அவளுக்குத் தெரியாது. வீட்டோடு சேர்த்துப் படங்களையும் எரித்துவிட்டார்களே.

ஜெனிக்கு ஒன்பது வயது நடக்கும்போது காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. பிள்ளை தேறவில்லை. சாப்பாடு நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். அவள் அம்மா ஒலாந்தினா, என் தம்பி பெண்டாட்டி, இரவெல்லாம் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கொலோ சித்தப்பா வந்து பார்த்தார். எங்கள் குலவீட்டின் பழைய சொற்களை எல்லாம் மனசில் வைத்திருப்பவர் அவர்தான். கள்ளும் குடிப்பார்.

"அப்பன் இன்னும் வெளியிலயே கெடக்கான். பிள்ளை எப்படிம்மா தேறும்?" என்றார். "போய்க் கூட்டிட்டு வருவோம்."

உடம்பு கிடைக்காதவரை அழைத்து வர எங்களுக்கு ஒரு வழி உண்டு. செத்த இடத்துக்குப் போக வேண்டும். குலவீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஏதாவது ஒரு கல்லில் ஒரு பூச்சி வந்து உட்காரும். அந்தக் கல்தான் அவர். தறித்துணியில் சுற்றித் தூக்கி வந்து, ஒரு இரவு வீட்டுக்குள் வைத்துச் சோறு வைத்து விழித்திருந்து, விடிந்ததும் உடம்பை அடக்குவதுபோல் அடக்கிவிட வேண்டும். கூட்டி வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது.

மூன்று பேர் போனோம். சித்தப்பா, ஒலாந்தினா, நான். ஜெனியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். நல்ல வெயில். பயமே இல்லை. சித்தப்பா வழியெல்லாம் வம்பு பேசிக்கொண்டு வந்தார்.

"ஒன் தம்பி உயிரோட இருக்கும்போதே கூப்பிட்டா ஒடனே வரமாட்டான். இப்ப வரப்போறானா?"

"சோறுன்னா வருவாரு மாமா," என்றாள் ஒலாந்தினா. ரொம்ப நாளுக்கு அப்புறம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "வெறகு பொளக்கத்தான் வரமாட்டாரு."

மணலுக்கு வந்ததும் அவள் சித்தப்பாவின் கையைப் பிடித்தாள்.

"மாமா, அபிலியோன்னே கூப்பிடுங்களேன். அந்தப் பேர்தான் அவருக்குப் பழக்கம்."

"அபிலியோன்னு கூப்பிட்டா ஞானஸ்நானம் குடுத்த சாமியாருதான் திரும்பிப் பார்ப்பாரு. செத்தவன் காதுல குலப்பேருதான் விழும். நீ சும்மா இரு."

என் தம்பியின் குலப்பெயர் பெரெ லெக்கி.

சித்தப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, ஆற்றைப் பார்த்து நின்று கூப்பிட்டார்.

"பெரெ லெக்கி! ஒன் பெண்டாட்டி வந்திருக்கா! ஒன் அக்கா வந்திருக்கா! வீட்டுக்கு வா!"

ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சத்தம்தான்.

இன்னொரு தடவை. குரல் எதிர்க்கரைப் பாறையில் பட்டுத் திரும்பியது.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது காற்று நின்றது. மூங்கில் இலைகூட அசையவில்லை. ஒரு பழுப்பு வெட்டுக்கிளி வந்து என் காலடியில் கிடந்த வெள்ளைக் கல்லில் உட்கார்ந்தது. ஒலாந்தினா "ஐயோ" என்று மண்டி போட்டாள்.

அப்போது இன்னொரு வெட்டுக்கிளி வந்தது. அதே கல்.

இன்னொன்று.

கல்லின் வெள்ளை தெரியாத அளவுக்கு வந்து உட்கார்ந்தன. ஒலாந்தினா அழுகையில் கவனிக்கவில்லை. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துணியை விரித்துக் கல்லின் மேல் போட்டார். அவ்வளவும் ஒரே விசிறலாகப் பறந்தன.

கல் ஒரு தேங்காய் அளவுகூட இருக்காது. நான்தான் முதலில் தோளில் வைத்தேன். மேட்டில் ஏறும்போதே தோள் இற்றுவிட்டது. ஒலாந்தினா மாற்றிக்கொண்டாள். நாலு எட்டு வைத்துவிட்டு, "என்னண்ணி இது, ரெண்டு மூட்டை நெல்லைத் தூக்குற மாதிரி இருக்கு?" என்றாள்.

"பேசாம நட," என்றார் சித்தப்பா. அவர் வம்பு பேசுவது நின்றுபோயிருந்தது.

ஊருக்குள் நுழைந்தோம். எங்கள் ஊர் நாய்களைப் பற்றிச் சொல்லவேண்டும். காற்றைப் பார்த்துக்கூடக் குரைக்கிற சாதி. அன்றைக்கு ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு, பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றன. நாங்கள் தாண்டினோம். பாதை வளைந்துதான் எங்கள் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து பக்கவாட்டில் அந்த இடம் தெரியும். ஏணிப்படியில் கால் வைக்கும்போது, திரும்பாமல், ஓரக்கண்ணால் அந்த நாய்களைப் பார்த்தேன்.

அவை இன்னும் ஒதுங்கித்தான் நின்றன.

யாரோ போகப் போக, போகப் போக... முடியட்டும் என்று காத்திருப்பதுபோல.

எங்கள் வீடுகள் கட்டைக்கால் மேல் நிற்பவை. மூங்கில் பிளாச்சு பரப்பிய தரை. ஆள் உட்கார்ந்தால் கிறீச்சென்று சொல்லிவிடும். நடுவில் பாய் போட்டுக் கல்லை வைத்தோம். சோறு, கருவாடு, சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பி, ஒரு சிகரெட், வெற்றிலை பாக்கு. வருகிறவருக்காகக் கதவைத் திறந்தே வைத்தோம். ஜெனியைத் தூக்கி வந்து அவள் கட்டிலில் கிடத்தினோம். சித்தப்பா கதவோரமாகச் சாய்ந்துகொண்டார். மெழுகுவர்த்தி ஒன்று.

ஊர் அடங்கியது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். சித்தப்பாவின் கைக்கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

கிறீச்...

மூலையில். அடுப்புக்குப் பக்கத்தில். ஆள் உட்கார்ந்த சத்தம்.

ஒலாந்தினா என் கையைப் பிடித்தாள். "வந்துட்டாரு அண்ணி."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. "வாடா தம்பி," என்றேன்.

கிறீச்...

அந்த மூலைக்குப் பக்கத்தில். ஒரு முழம் தள்ளி.

சரி, நகர்ந்து உட்காருகிறான் என்று நினைத்தேன்.

கிறீச்... அதற்கு அடுத்து.

கிறீச்... அதற்கும் அடுத்து.

சுவரோரமாகவே வந்தது. ஒருவர் பக்கத்தில் ஒருவராக. சில இடத்தில் தரை நன்றாக அமுங்கியது. சில இடத்தில் சின்னதாக, பிள்ளைகள் உட்கார்ந்தால் வருமே, அந்த மாதிரி. ஆற்றுச் சேற்றின் வாடை வீட்டை நிறைத்தது. மெழுகுவர்த்திச் சுடர் நிற்கவில்லை. காற்று இல்லை. ஆனால் சுடர் எல்லாப் பக்கமும் சாய்ந்தது. சுற்றிலும் மூச்சு விடுகிற மாதிரி.

நான் ஜெபத்தில் எந்த இடத்தில் இருந்தேன் என்பதே மறந்துபோனது.

அப்போதுதான் ஜெனி அசைந்தாள்.

எத்தனையோ நாளாகத் தானாகப் புரண்டு படுக்காத பிள்ளை. காலை மடக்கி, உடம்பைச் சுருக்கி, கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளிப் படுத்தாள்.

"ஏன்டா செல்லம்?" என்றாள் ஒலாந்தினா.

"இடம் வேணுமாம்."

அவள் பேசினாள். பேச்சு வந்தது என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

"யாருக்கு?"

"இவங்களுக்கு."

"அப்பாவுக்கா?"

"அப்பா வெளிய நிக்கிறாரு. உள்ள இடம் இல்லையாம்."

நாங்கள் கதவைப் பார்த்தோம்.

இருட்டுதான் இருந்தது.

ஏணியின் அடிப்படி ஒரு தடவை முனகியது. யாரோ கால் வைத்து... எடுத்துவிட்டதுபோல.

"மாமா," என்றாள் ஒலாந்தினா. "அவரக் கூப்பிடுங்க. உள்ள வரச் சொல்லுங்க."

சித்தப்பா கதவோரத்திலிருந்து விலகி வந்தார். "நான் கூப்பிட்டுத்தான் இத்தன பேரு வந்திருக்காங்க. இனிமே என் வாயத் தொறக்க மாட்டேன்."

"அப்ப இவங்களப் போகச் சொல்லுங்க."

"எங்கம்மா போகச் சொல்ல? அங்கயா?"

ஒலாந்தினா பிள்ளையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். எழுந்தாள். கண்ணுகளா, நான் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவள் எழுந்த மாதிரி யாரும் எழுந்து பார்த்ததில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த விதைச் சோளத்தை அப்படியே அறுத்து இறக்கினாள். அடுத்த மழைக்கு விதைக்க இருந்தது அது ஒன்றுதான். உதிர்த்தாள். பானையில் போட்டாள். அடுப்பு மூலையில் உட்கார்ந்திருந்தது யாரோ தெரியாது. "கொஞ்சம் தள்ளுங்க, சுடும்," என்றாள் அந்தப் பக்கம் பார்த்து.

கிறீச்... என்று நகர்ந்தது.

வெந்ததும் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வாழை இலைக் கிழிசல்களை வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. அழுதுகொண்டே, சண்டை போடுகிற குரலில் பேசினாள்.

"யாரு என்னன்னு நான் கேக்கல. எல்லாரும் சாப்பிடுங்க. நெருங்கி உட்காருங்க, ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டீங்க. சின்னப் பிள்ளைங்கள மடியில வெச்சுக்கங்க. என் வீட்டுக்காரரு வாசல்ல நிக்கிறாராம். அவருக்கு மட்டும் வழி விடுங்க. எம் பிள்ளை சாகக் கெடக்குது."

வீடே ஒரு தடவை முனகியது. சுவர் பூராவும். கிறீச்... கிறீச்... கிறீச்... ஒருவரை ஒருவர் நெருக்கி உட்காருகிற சத்தம்.

ஏணியில் ஒரு படி.

இன்னொரு படி.

வாசலில் நின்றது.

உள்ளே வந்தது. பாயைச் சுற்றிக்கொண்டு கட்டில் பக்கம் போனது. கட்டில் அமுங்கியது.

ஜெனி சிரித்தாள்.

"அப்பா வந்துட்டாரு."

"பேரு கேளும்மா," என்றார் சித்தப்பா. "பேர மட்டும் கேளு."

ஜெனி காதைச் சாய்த்தாள்.

"பெரெ லெக்கியாம்."

சித்தப்பா மூச்சை விட்டார். ஒலாந்தினா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிம்மா இருக்காரு ஒங்கப்பா?"

"கால் ரொம்ப ஈரமா இருக்கு," என்றாள் ஜெனி. அப்புறம், "அம்மா, எனக்கும் சோளம் குடு. பசிக்குது."

விடிந்ததும் இலைகளைப் பார்த்தோம். வைத்த சோளம் வைத்தபடி இருந்தது. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். ருசியே இல்லை. மெழுகை மென்ற மாதிரி இருந்தது. வீட்டுக்கு அடியில் போய்ப் பார்த்தேன். மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. சுவரோரமாக அவர்கள் உட்கார்ந்த வரிசைக்கு நேர்கீழே மண் சொதசொதவென்று நனைந்திருந்தது. நடுவில் மட்டும் காய்ந்த மண்.

அந்தக் கல்லைச் சின்னப் பெட்டியில் வைத்து வீட்டுக்குப் பக்கத்தில் அடக்கினோம். நல்லவேளை, இப்போது ஒருவரே தூக்க முடிந்தது. சிலுவையில் அபிலியோ என்று எழுதினோம். ஜெனி அன்றைக்கே இரண்டு வேளை சாப்பிட்டாள். மாசம் முடியுமுன் பள்ளிக்கூடம் போனாள். விதைச் சோளத்துக்கு ஊரே ஆளுக்கு ஒரு படி கொடுத்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களை இவ்வளவு கிட்டே கூப்பிட்டிருக்க மாட்டேன்.

ஜெனிக்குப் பதினேழு வயதானபோது ஒரு ஆள் எங்களைத் தேடி வந்தான். அந்த லாரியில் ஏற்றப்பட்டவன். தப்பித்து எல்லை தாண்டிப் போய், அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பியவன். மேற்கே கடலோரத்தில், உப்பளத்துக்குப் பின்னால் ஒரு குழியை அதிகாரிகளுக்குக் காட்டியிருந்தான். எலும்புகளை எடுத்துவிட்டார்கள். அதில் ஒன்றின் முழங்காலுக்குக் கீழே கோணலாகக் கூடிய எலும்பு. அபிலியோ பாக்கு மரத்திலிருந்து விழுந்து ஒடிந்த கால் அது. கட்டுப் போட்டவள் நான். பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

"ஆத்துலதான சுட்டாங்க?" என்று கேட்டேன்.

"அங்க லாரி நின்னுச்சு அக்கா. சில பேர எறக்குனாங்க. அபிலியோவையும் எறக்கி, மறுபடி ஏத்திட்டாங்க. ஒத்தச் செருப்போட வந்தான். உப்பளத்துல வெச்சுத்தான்... நான் பக்கத்துல இருந்தேன்."

என் தம்பி அந்த ஆற்றங்கரையில் சாகவே இல்லை.

நான் நேராக கொலோ சித்தப்பாவிடம் போனேன். படுக்கையோடு கிடந்தார்.

"சித்தப்பா, பெரெ லெக்கிங்கற பேர் நம்ம குலத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இருந்துச்சா?"

கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"தாத்தா பேரத்தான பேரனுக்கு வெக்கிறோம். இல்லாம இருக்குமா? வரி காலத்துல ஒரு பெரெ லெக்கி அங்க போனான். சப்பான்காரன் காலத்துல ஒருத்தன். அவனுக்கு ஒரு பொட்டப்பிள்ளை இருந்துச்சு. அதையும் கூடவே கொண்டு போனாங்க." அப்புறம் சொன்னார். "எந்தக் காலத்துக்காரன்னு நான் கேக்கலியே லிந்தா. பேரத்தான கேக்கச் சொன்னேன்."

அந்தக் கல்லைத் தோண்டி ஆற்றிலேயே விட்டுவிடலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஒலாந்தினா அரிவாளை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லறை மேலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். "யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். எம் பிள்ளைய எழுப்பினவரு. அவர வெளிய அனுப்பணும்னா மொதல்ல என்ன அனுப்புங்க."

சொன்னவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

அபிலியோவின் எலும்புகள் பெட்டியில் வந்தன. வழக்கப்படி ஒரு இரவு வீட்டில் வைத்தோம். அதே நடு இடம். சோறு, கருவாடு, காப்பி. கதவு திறந்திருந்தது. இந்தத் தடவை ஊரே வந்திருந்தது. பயம் இல்லை. ஜெனி என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய பெண். அந்த இரவைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்த ஆள் சொன்னதையும் நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. அப்பாவின் எலும்பு கிடைத்தது என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

நடு ஜெபத்தில் அவள் நிறுத்தினாள்.

வாசலைப் பார்த்தாள்.

ஏணியின் அடிப்படி முனகியது.

"அத்தை," என்றாள் என் காதில். "அப்பாதான் இங்க என் பக்கத்துல உட்காந்திருக்காரே..."

அவள் பக்கத்தில் இருந்த பிளாச்சு அமுங்கியிருந்தது. நான் பார்த்தேன்.

"அப்ப வாசல்ல ஒருத்தரு அழுதுக்கிட்டு நிக்கிறாரே... ஒத்தச் செருப்போட... அது யாரு?"

நான் எழுந்து போய் என் தம்பியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். கையில் ஒன்றும் இல்லை. சில்லென்று மட்டும் இருந்தது. ஜெனியிடம் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். சொல்ல முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

போங்கள் கண்ணுகளா, பத்திரமாகப் போங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பசித்து எழுந்து கேட்கும்போது கொடுக்கப் பானையில் இருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து போன ஒவ்வொருவரும் வழி தெரிந்து திரும்பி வரட்டும். வந்தவரை உங்கள் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ளட்டும்.